வெள்ளவத்தைக் கால்வாய் முகத்துக் கறுப்புச் சேறு: ஒட்சிசன் இல்லாத இடத்தில் பற்றீரியா உண்பது எப்படி?

கேட்டவர் வெள்ளவத்தையில் வசிப்பவர். கால்வாய் கடலில் சேரும் இடத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும் நாட்களில் அங்கே காலை அழுத்தினால் மேலே மஞ்சள் மணலும் இரண்டு விரற்கடைக்குக் கீழே மை போன்ற கறுப்புச் சேறும் வருகின்றன, கூடவே அழுகிய முட்டை நாற்றமும் எழுகிறது என்று எழுதியிருந்தார். "அந்த ஆழத்தில் ஒட்சிசன் இல்லை என்கிறார்கள். அப்படியானால் அங்கே புதையும் கழிவைப் பற்றீரியா எப்படி உண்ணும்? உண்டால், ஒருநாள் எல்லாம் தீர்ந்துவிடுமா?" என்பது அவருடைய கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் வெளிப்படையாக உள்ளன: ஒட்சிசனுக்குப் பதில் என்ன, உண்பது எதுவரை போகும். மூன்றாவதொன்று உள்ளே மறைந்திருக்கிறது. "பற்றீரியா" என்று ஓர் இனம் இருந்து, அது கழிவைத் தொடக்கம் முதல் முடிவுவரை தனியாக உண்கிறது என்ற எண்ணம் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கொழும்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்ற வகையில், மாணவர்கள் அதிகம் இடறும் இடமும் இதுவே என்று சொல்ல முடியும். ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி அதற்கே போகும்.

முதலில் ஒட்சிசன் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். எந்த உயிரும் உணவை உடைக்கும்போது அதிலிருந்து இலத்திரன்களைக் கழற்றி எடுக்கிறது. அந்த இலத்திரன்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இறங்கும் வழியிலேயே கலத்துக்கான சக்தி கிடைக்கிறது. தலைச்சுமையோடு நடப்பவருக்குப் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருந்தது போல, இலத்திரன்களை இறக்கி வைக்க ஒரு பொருள் வேண்டும். நமக்கு அந்தச் சுமைதாங்கி ஒட்சிசன் மட்டுமே. பற்றீரியாக்களுக்கோ நைத்திரேற்று, மங்கனீசு ஒட்சைட்டு, இரும்பு ஒட்சைட்டு, சல்பேற்று, கடைசியில் காபனீரொட்சைட்டு என்று வரிசையாகப் பல கற்கள் உண்டு. அதிக சக்தி தருவது முதலில் தீரும், குறைவாகத் தருவது அடுத்து வரும் என்ற ஒழுங்கு சேற்றில் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகத் தெரிகிறது. அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்தும் கிடக்கும் என்பதால் இந்த வரிசையைக் கோடு கிழித்த எல்லையாக எடுக்கக் கூடாது.

கடலோரத்தில் இந்த வரிசையில் வெல்வது சல்பேற்று. காரணம் அதன் அளவு. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 28 மில்லிமூல் சல்பேற்று கரைந்துள்ளது, நிறையில் 2.7 கிராம் (மூல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு). நம் கடலின் வெப்பநிலையில், காற்றோடு நன்கு கலந்த கடல்நீரில்கூட ஒட்சிசன் 0.2 மில்லிமூல் அளவே இருக்கும். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு நான்கு இலத்திரன்களை வாங்கும், ஒரு சல்பேற்று எட்டை வாங்கும். பெருக்கிப் பார்த்தால், அதே ஒரு லீற்றர் கடல்நீரில் ஒட்சிசனைவிட ஏறத்தாழ 280 மடங்கு சுமையை இறக்கச் சல்பேற்றில் இடமிருக்கிறது. ஆனால் சக்தி மிகக் குறைவு. வினாகிரி அமிலத்தின் உப்பு வடிவமான அசற்றேற்றில் ஒரு மூலை ஒட்சிசன் கொண்டு எரித்தால் 840 கிலோயூலுக்கு மேல் கிடைக்கும். சல்பேற்றுக் கொண்டு எரித்தால் 48 கிலோயூல் அளவில் நின்றுவிடும். எனவே இந்த உயிர்கள் மெதுவாகப் பெருகுகின்றன, சிறிதளவே கலமாகக் கட்டிக்கொள்கின்றன, உண்டதில் பெரும்பங்கைக் காபனீரொட்சைட்டாகவும் ஐதரசன் சல்பைட்டாகவும் வெளியே தள்ளுகின்றன. கேட்டவரின் மூக்குக்கு எட்டியது அந்தச் சல்பைட்டு.

நீர்கொழும்புக் களப்பின் கண்டல் ஓரத்தில் மாணவர்களோடு இதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கையளவு அகலமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் நேராக இறக்கி, மேல்வாயை இறப்பர் அடைப்பானால் மூடி உருவினால், அடுக்குகள் குலையாமல் வரும். மேலே இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் தேநீர்ப் பழுப்பு. அதுதான் ஒட்சிசன் எட்டும் ஆழம். அதன் கீழே சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. நண்டு வளை ஒன்று குறுக்கே போயிருந்தால் அதன் சுவரைச் சுற்றி மட்டும் ஆழத்திலும் ஒரு பழுப்பு வளையம் தெரியும், ஏனெனில் நண்டு உள்ளே வந்து போகும்போது நீரையும் ஒட்சிசனையும் கொண்டு வருகிறது. கறுப்புச் சேற்றில் ஒரு துளி ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தை விட்டு, மேலே ஈய அசற்றேற்றுத் தாளைப் பிடித்தால் தாள் சில விநாடிகளில் கபில நிறமாகும். கறுப்பு நிறம் இரும்புச் சல்பைட்டு என்பதற்கு வகுப்பில் காட்டக்கூடிய மிக எளிய சான்று இது. அதே சேற்றை வெள்ளைத் தட்டில் இரவு முழுவதும் வைத்தால் காலையில் மேற்பரப்பு சாம்பற்பழுப்பாக மாறியிருக்கும்; கத்தியால் பிளந்தால் உள்ளே இன்னும் கறுப்பு. காற்றுப் பட்ட இடத்தில் சல்பைட்டு ஒட்சியேற்றப்பட்டுவிட்டது. கேட்டவருடைய இடத்தில் கறுப்பு இரண்டு விரற்கடை ஆழத்தில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு: பருமணலுக்குள் அலை நீரைத் தள்ளுவதால் ஒட்சிசன் சேற்றைவிட ஆழமாக இறங்க முடிகிறது.

இனி, உண்பது யார் என்ற கேள்விக்கு வருவோம். சேற்றில் விழுவது இறந்த பாசி, இலை, மலம், சமையலறைக் கழிவு, அதாவது புரதமும் மாப்பொருளும் செலுலோசும் கொழுப்பும். சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை இவற்றில் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. பெரிய மூலக்கூறு எந்தப் பற்றீரியாவின் கலத்துக்குள்ளும் அப்படியே நுழையாது. ஆகவே முதல் வேலையைச் செய்வது நொதியங்களை வெளியே சுரந்து அவற்றை வெட்டும் ஒரு கூட்டம். வெட்டப்பட்ட வெல்லங்களையும் அமினோவமிலங்களையும் உள்ளே எடுத்து நொதிக்கச் செய்வது, பெரும்பாலும் அதே கூட்டமும் அதன் அயலவர்களும். நொதித்தலில் வெளிச் சுமைதாங்கி தேவையில்லை. ஒரு மூலக்கூறின் ஒரு பகுதியில் கழற்றிய இலத்திரன்களை மறுபகுதியின் மேல் ஏற்றிவிட்டு, பாதி உடைந்த மிச்சத்தை வெளியே தள்ளிவிடுவார்கள். அந்த மிச்சமே அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூற்றிரேற்று போன்ற சிறிய கொழுப்பமிலங்களும் ஐதரசன் வாயுவும். மூன்றாவது கூட்டமான சல்பேற்றுத் தாழ்த்திகள், அதாவது சல்பேற்றைச் சுவாசிப்பவை, உண்பது இந்த மிச்சத்தை.

தோசைமா இதை விளங்கிக்கொள்ள உதவும். அரைத்து மூடிவைத்த மாவின் உள்ளே ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும்; பற்றீரியாக்கள் வெல்லத்தை நொதித்து அமிலமாக்கும்; அந்த அமிலத்தை உண்ண அங்கே யாரும் இல்லாததால் அது சேர்ந்து மாவைப் புளிக்க வைக்கும். கூடுதலாகப் புளித்தால் அதைப் புளிக்க வைத்தவர்களே அடங்கிப்போவார்கள். கடற்கரைச் சேறு இப்படிப் புளிப்பதில்லை, ஏனெனில் அமிலம் உண்டாகும் கையோடு அதை எடுத்துச் செல்ல ஆள் நிற்கிறது. சேற்று நீரை எடுத்துச் சோதித்தால் அசற்றேற்று மிகச் சொற்ப அளவிலேயே, மைக்கிரோமூல் கணக்கில் கிடைக்கும். கொஞ்சமாக இருப்பதால் அதற்கு முக்கியத்துவம் இல்லை என்று ஒரு மாணவி ஒருமுறை அறிக்கையில் எழுதியிருந்தார். தெருமுனைப் பெட்டிக்கடையில் எந்த நேரத்தில் கல்லாவைத் திறந்தாலும் சில நூறு ரூபாய்தான் கிடக்கும், அதை வைத்து அன்றைய வியாபாரத்தைக் கணக்கிடலாமா என்று கேட்டேன். பார்க்க வேண்டியது கையிருப்பைவிட வரவு செலவின் வேகத்தை.

அந்த வேகத்தை அளக்க ஓர் அழகான வழி இருக்கிறது. மொலிப்டேற்று அயன் உருவத்தில் சல்பேற்றை ஒத்தது. சல்பேற்று தானாக வினைபுரியாத மந்தமான பொருள் என்பதால் அதைச் சுவாசிக்கும் பற்றீரியா முதலில் தன் சக்தி நாணயமான ஏரீபீயைச் செலவிட்டு அதை உசுப்ப வேண்டும். மொலிப்டேற்றைச் சேர்த்தால் நொதியம் ஏமாந்து அதைப் பிடிக்கும். விளைபொருள் உடனே சிதையும். ஏரீபீ வீணாகிக்கொண்டே போகும். சல்பேற்றுத் தாழ்த்திகள் மட்டும் முடங்கிவிடும். நொதிப்பவர்கள் தங்கள் வேலையைத் தொடர்வதால், இதுவரை தடமின்றி மறைந்துகொண்டிருந்த அமிலங்கள் ஒவ்வொன்றாகச் சேரத் தொடங்கும். எது எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதே முன்பு எது எவ்வளவு உண்ணப்பட்டது என்பதற்கு விடை. டென்மார்க்கின் லிம்ஃபியோர்டன் நீர்ப்பரப்பின் அடிச்சேற்றில் 1981இல் வெளியான ஆய்வு இப்படிச் செய்து பார்த்து, சல்பேற்றுச் சுவாசத்தின் ஏறத்தாழப் பாதிக்கு அசற்றேற்றே உணவு என்றும், மீதியின் பெரும்பங்கு புரோப்பியோனேற்று, பியூற்றிரேற்று, ஐதரசன் ஆகியவற்றுக்கு உரியது என்றும் காட்டியது.

இதன் பின்னணியில் ஒரு பழைய புதிரும் இருந்தது. சல்பேற்றுத் தாழ்த்தி ஒன்றை 1895இல் முதன்முதலில் விவரித்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்த பையரிங்க். அதன் பின் பல தசாப்தங்களாக ஆய்வுகூடங்களில் வளர்க்கப்பட்டவை பெரும்பாலும் இலற்றேற்றை (தயிர்ப் புளிப்பின் அமிலத்தை) அசற்றேற்று வரை உடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் வகையினவே. அப்படியானால் சேற்றில் அசற்றேற்றை உண்பது யார்? நுண்ணுயிரியலாளர்களான விடலும் ஃபென்னிக்கும் ஜேர்மனியின் கோட்டிங்கனில் அசற்றேற்றையே ஒரே உணவாகக் கொடுத்து, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, அதை முழுமையாகக் காபனீரொட்சைட்டாக்கும் சல்பேற்றுத் தாழ்த்திகளைப் பிரித்தெடுத்தார்கள். 1977இல் ஒன்று, 1981இல் கடற்சேற்றிலிருந்து டீசல்போபக்ரர் என்ற இன்னொன்று. அவை எப்போதும் சேற்றில் இருந்தவைதான். இலற்றேற்று ஊட்டிய போத்தல்களில் வேகமாகப் பெருகுபவை அவற்றை மறைத்திருந்தன. எந்த உணவை வைக்கிறோமோ அதற்கு ஏற்ற விருந்தாளியே வருவார் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம், நானும் விதிவிலக்கில்லை.

ஐதரசனைப் பற்றி ஒரு சொல். புரோப்பியோனேற்றையும் பியூற்றிரேற்றையும் உடைத்து ஐதரசனாக வெளிவிடும் வினை சாதாரண நிலையில் சக்தி தராது, கேட்கும். வெளிவந்த ஐதரசனை வேறொருவர் உடனுக்குடன் எடுத்து அதன் அளவை மிகத் தாழ்வாக வைத்திருந்தால் மட்டுமே அது முன்னே போகும். இந்தக் கூட்டுவாழ்வு 1967இல் வெளிச்சத்துக்கு வந்தது: ஒரே உயிர் என்று பல ஆண்டுகளாக நம்பப்பட்ட மெதேன் உண்டாக்கி ஒன்று, உண்மையில் ஒன்றையொன்று சார்ந்து சேர்ந்து வாழும் இரண்டு உயிர்கள் என்று பிரயன்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். சல்பேற்று நிறைந்த சேற்றில் ஐதரசன் ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு நனோமூல் அளவுக்கு வழித்தெடுக்கப்படுகிறது. மெதேன் உண்டாக்கிகளுக்கு அந்த அளவு போதாது. அசற்றேற்றுக்கும் இதே கதை. எனவே சல்பேற்று உள்ளவரை மெதேன்காரர்கள் பட்டினி, மெதைலமீன் போன்ற சில பொருட்களைத் தவிர. அவற்றில் சல்பேற்றுத் தாழ்த்திகளுக்கு அவ்வளவாக நாட்டமில்லை.

கொழும்பிலேயே இந்த வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பேரை வாவி நன்னீர்; சல்பேற்றுச் சொற்பம். அதன் அடிச்சேற்றில் அது விரைவில் தீர்ந்துபோக, மிச்சத்தை உண்ணும் முறை மெதேன் உண்டாக்கிகளுக்கு வருகிறது. வெப்பமான மதிய வேளையில் இப்படிப்பட்ட ஏரிகளின் அடியிலிருந்து எழும் குமிழிகளில் மெதேன் கணிசமாக இருக்கும். வெள்ளவத்தைக் கால்வாய் முகத்திலோ ஒவ்வொரு கடலேற்றமும் புதிய சல்பேற்றைக் கொண்டு வந்து கொட்டுகிறது, அங்கே சல்பைட்டு. சேற்றில் மிக ஆழமாகச் சென்றால் கடலிலும் சல்பேற்றுத் தீர்ந்து மெதேன் தொடங்கும். ஆனால் மேலேறும் அந்த மெதேனின் பெரும்பகுதி சல்பேற்று இருக்கும் அடுக்கை அடையும்போதே உண்ணப்பட்டுவிடுகிறது. இதைச் செய்வது ஆக்கியாக்களும் (பற்றீரியாவைப் போலச் சிறிய, ஆனால் வேறு குலத்து நுண்ணுயிர்கள்) சல்பேற்றுத் தாழ்த்திகளும் சேர்ந்த ஒரு கூட்டு என்று 2000ஆம் ஆண்டில் நுண்காட்டியின் கீழ் நேரடியாகக் காட்டப்பட்டது. இருவருக்கும் இடையே இலத்திரன் கைமாறுவது நேரடியாகக் கடத்தும் இழைகள் ஊடாக என்ற கருத்து இப்போது வலுவாக உள்ளது. அதன் நுணுக்கங்கள் இன்னும் விவாதத்தில் இருப்பவை.

கேட்டவர் "ஒட்சிசன் இல்லாமல்" என்று எழுதியதற்கு ஒரு திருத்தம் உண்டு. இந்தச் சேறு ஒட்சிசனுக்குத் தப்பிவிடவில்லை, கடன் சொல்லியிருக்கிறது. சல்பேற்று வாங்கிய எட்டு இலத்திரன்களும் சல்பைட்டின் மேல் ஏறிக் காத்திருக்கின்றன. அந்தச் சல்பைட்டில் பெரும்பங்கு மேலே பரவி, நேரடியாகவோ இரும்பு, மங்கனீசு வழியாகவோ, பற்றீரியாக்களின் உதவியோடு திரும்பவும் ஒட்சியேற்றப்படும். கடைசியில் கடனைத் தீர்ப்பது மேல்நீரில் உள்ள ஒட்சிசன்தான். சிறு பங்கு மட்டும் பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டுக் கனிமமாகி நிரந்தரமாகப் புதைகிறது. கால்வாயில் கழிவு கூடும்போது, கழிவு முழுவதும் அடியில் அமுங்கிக் கிடந்தாலும், மேலே மீன்கள் மூச்சுத் திணறுவது இந்தக் கடனால். கடனை அடைக்கும் வழிகளில் மிக வியப்பானது டென்மார்க்கின் ஓர்கூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இனங்கண்ட கம்பிப் பற்றீரியா. ஆயிரக்கணக்கான கலங்கள் வரிசையாக இணைந்து, சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஓர் இழையாகி, கீழ்முனை சல்பைட்டிலிருந்து இலத்திரனை எடுக்க, மேல்முனை அதை ஒட்சிசனிடம் கொடுக்கிறது. இடையில் ஓடுவது மின்னோட்டமே.

நம் கரைக்கு இரும்பு இதில் ஒரு தனி இடம் பெறுகிறது. ஈரவலயத்தின் செம்மண்ணையும் கபுக்கல்லையும் களனி கங்கையும் சிறு கால்வாய்களும் கழுவிக் கொண்டு வருவதால் அடையலில் இரும்பு ஏராளம். வெளிவரும் சல்பைட்டை அது பிடித்துக் கறுப்பாக்கிவிடுகிறது. சுண்ணாம்பு மணலே மிகுந்த, இரும்பு குறைந்த கரைகளில் அப்படிப் பிடிக்க ஆளில்லாமல் சல்பைட்டுச் சேற்று நீரில் கரைந்தே நிற்கும். அங்கே சேறு அவ்வளவு கறுக்காது, நாற்றம் மட்டும் கூடும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து எந்தச் சேறு அதிகம் "கெட்டது" என்று தீர்மானிக்க வேண்டாம்.

எல்லாம் ஒருநாள் தீர்ந்துவிடுமா? தீராது. இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். பாசி, சமைத்த உணவு, மலம் போன்றவற்றின் இளகிய பகுதி ஒட்சிசன் இல்லாமலும் நல்ல வேகத்தில் உண்ணப்படுகிறது என்பது உறுதி. வெப்பமான நம் நீரில் அந்த வேகம் கூடும். மரத்தன்மை தரும் இலிக்னின் ஒட்சிசன் இல்லாத இடத்தில் மிகமிக மெதுவாகவே குறைகிறது என்பதும் உறுதி. கண்டற் சேற்றில் பழைய வேர் நார்கள் வடிவம் கெடாமல் கிடப்பது அதனால். எண்ணெய் உண்ணப்படுமா என்றால், சல்பேற்றைச் சுவாசித்தபடி எக்சாடெக்கேன் என்ற ஐதரோகாபனை முழுமையாக உடைக்கும் பற்றீரியா 1991இல் விவரிக்கப்பட்டது. ஆகவே முடியும், ஆனால் அந்த வேகத்தை நம்பி வாகனத் தொழிற்சாலை எண்ணெயைக் கால்வாயில் ஊற்றலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து நம் கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பொறுத்தவரை, அவை இந்த உணவுச் சங்கிலியின் இலையில் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வதே சரி.

ஐயத்துக்குரியது வேறு. எளிதில் உண்ணத்தக்க பொருளும் ஓரளவு உண்ணப்படாமல் மிஞ்சுவது ஏன் என்பதில் ஒரே விளக்கம் நிலைபெறவில்லை. களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு நொதியங்களுக்கு எட்டாமல் போகிறது என்பார் சிலர். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறிவிடுகின்றன என்பார் வேறு சிலர். புதையுமுன் ஒட்சிசனோடு எவ்வளவு காலம் கிடந்தது என்பதே தீர்மானிக்கிறது என்பார் இன்னும் சிலர். என் பார்வையில் மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன, இடத்துக்கு இடம் பங்குதான் மாறுகிறது. அதேபோல, கடலோரச் சேற்றில் சேதனப் பொருளின் ஏறத்தாழப் பாதி சல்பேற்று வழியே எரிகிறது என்று டென்மார்க் ஆய்வாளர் யோர்கன்சன் 1982இல் கொடுத்த மதிப்பீடு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அது குளிர்ந்த வடகடல் நாடுகளின் சேற்றில் வேரூன்றிய எண். இரும்பு மிகுந்த, வெப்பமான, மழைக்காலத்தில் நன்னீர் பாய்ந்து சல்பேற்றை ஐதாக்கும் ஒரு கொழும்புக் கால்வாய் முகத்துக்கு அதை அப்படியே பொருத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக, நாற்றம் ஆபத்தா என்று கேட்டவர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். திறந்த கரையில் மூக்கில் படும் அளவு பொதுவாக அருவருப்பைத் தாண்டாது. மூடிய கழிவுநீர்க் குழியில் அதே வாயு ஆளைக் கொல்லும்; செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போவதால், நாற்றம் நின்றது என்று நம்பி உள்ளே இறங்கக் கூடாது.

வீட்டில் பார்க்க விரும்பினால் இரண்டு ஜாம் போத்தல்கள் போதும். கையுறை அணிந்து, ஒன்றில் கால்வாய் முகத்துச் சேற்றையும் கடல்நீரையும், மற்றதில் வாவியோரச் சேற்றையும் வாவி நீரையும் விட்டு, இரண்டிலும் ஒரு பிடி கிழித்த செய்தித்தாளைச் சேற்றோடு கலந்துவிடுங்கள். வெளிச்சம் படும் பல்கனியில் சில வாரங்கள் வைத்தால் கடல்நீர்ப் போத்தல் மேலும் மேலும் கறுக்கும். கண்ணாடியோரம் ஊதா அல்லது பச்சைத் திட்டுகள் தோன்றினால் அவை சல்பைட்டையும் ஒளியையும் கொண்டு வாழும் பற்றீரியாக்கள். வாவிச் சேறு எடுக்கும்போதே கறுப்பாக இருக்கலாம், அதில் கவனிக்க வேண்டியது சேற்றுக்குள் சிக்கி நிற்கும் வாயுக் குமிழிகளை. மூடியை இறுக்க வேண்டாம். வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும்.